அரைக் கிலோ கறுப்பு மாவு

வெள்ளையைக் குறைங்க என்றார் டாக்டர் ஹேமலதா,
கோரிப்பாளையத்து மாடியறையில்
ஸ்கேன் படத்தை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தபடி.
சீனி, மைதா, பட்டை தீட்டின அரிசி.
என்ன வேலை பாக்குறீங்க?
செல்லூரில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன் என்றேன்.
அவர் பேனாவை மூடினார்.
சிரிக்கக் கூடாது என்று நினைத்திருப்பார்.
நான் சிரித்துவிட்டேன்.

படத்தில் நீர்க்கட்டிகள் ஓரமாய் வரிசை கட்டியிருந்தன,
வெந்த ஜவ்வரிசி போல.
அதுவும் வெள்ளைதான்.

ஒரு நாளைக்குப் பதினாறு கிலோ அரிசி, நாலு கிலோ உளுந்து.
முழங்கை வரை அப்பிக் காய்ந்து
சட்டை போல உரியும்.
மத்தியானம் மிஞ்சின மாவில் நாலு ஊத்தப்பம்,
விற்காத பாக்கெட்டைக் கொட்ட மனசு வராமல் இன்னும் ரெண்டு.
நஷ்டத்தைத் தின்றே எண்பத்திரண்டு கிலோ ஆனேன்.

நாலு கிலோ இறங்கினால்கூட மாதம் ஒழுங்குக்கு வரலாம் என்றார்.
வரலாம். வரும் என்று சொல்லவில்லை.
நாலு கிலோ:
ராத்திரி நான் ஊறப் போடும் உளுந்து.
அதை ஒற்றைக் கையால் தூக்கி மேடையில் வைக்கிறேன்,
என் மேலிருந்து இறக்கத்தான்
வழி தெரியவில்லை.

தினமும் நடங்க என்றும் சீட்டில் இருந்தது.
பாலத்தில் ஏறி இறங்கினேன்.
கீழே வைகையிலும்
தண்ணீர் மாதம் பார்த்து வருவதில்லை.

சோலைராஜ் ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு வரும்போது
பதினோரு மணிப் பரோட்டா வரும், சால்னாக் கவரின் சூட்டோடு.
ஐந்து வருஷமாய் அவருக்குத் தெரிந்த ஒரே கொஞ்சல்.
வேண்டாம் என்று சொன்ன அன்று
இலையோடு மடித்து நாய்க்கு வைத்தார்.
மூன்றாம் நாள் ஆறு முட்டை வாங்கி வந்தார்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
நான் உரித்துத் தின்று முடிக்கும்வரை
கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எனக்கென்று தனியே அரைத்தேன்:
கேழ்வரகு, தோலோடு கறுப்பு உளுந்து, ஒரு பிடி வெந்தயம்.
மூன்றாம் சந்து நூர்நிஷா எட்டிப் பார்த்தாள்.
அது என்னக்கா, கறுப்பா?
அரைக் கிலோ குடுங்க, மாமியாருக்கு சுகர்.
அடுத்து தறிக்கார வீட்டு மருமகள், கொழுந்தனுக்கு என்று.
நர்சிங் படிக்கிற பிள்ளை, ஹாஸ்டல் தோழிக்கு என்று.
வீட்டுக்கு ரெண்டு கிலோ வெள்ளை வாங்கிக்கொண்டு
கடைசியில், சில்லறை எண்ணும்போது,
குரலைத் தாழ்த்தி, அந்தக் கறுப்பு.

யாரும் தனக்கென்று கேட்டதில்லை.
பின்கழுத்தின் கருமையைப் பார்ப்பேன்.
தாடையில் பிளேடு பட்ட கீறலைப் பார்ப்பேன்.
நானும் முந்தானையை
வாய் வரை இழுத்துக்கொண்டு பேசுகிறவள்தான்.
எதுவும் கேட்காமல்
ஒரு கரண்டி கூடப் போடுவேன்.

தொண்ணூற்று மூன்றாம் நாள்
கிரைண்டருக்குள் கை இருக்கையில் கரண்ட் போனது.
கல் நின்ற அந்த அமைதியில்
அடிவயிற்றில் ஒரு இழுப்பு, பிறகு ஈரம்.
அசையாமல் நின்றேன்.
நாலு கிலோ இறங்கவில்லை, ஒன்றரைதான்.
கேழ்வரகா, மாத்திரையா, பாலமா,
எது என்று யாருக்குத் தெரியும்?
அடுத்த மாதம் வருமா என்பதும்தான்.

எதிரே தூக்குவாளியோடு நூர்நிஷா.
வந்திருச்சு என்றேன்.
கரண்டாக்கா?
அண்ணாந்து பார்த்தாள். ஃபேன் சுற்றவில்லை.
பிறகு என் முகத்தைப் பார்த்தாள்,
நெடுநேரம் பார்த்தாள்.

எனக்கு அஞ்சு மாசமாச்சு என்றாள்.
மாமியாருக்கு சுகரெல்லாம் ஒண்ணும் இல்லக்கா.

தட்டியைத் தூக்கி, உள்ளே வா என்றேன்.
கல்லுக்கடியில் உளுந்தின் நுரை
மெல்ல அமுங்கிக்கொண்டிருந்தது.